டிவிக்கு நெட் வரவில்லையா? வாசகர் கேள்வி – பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்தும் ஆரணி, போளூர் பக்கமிருந்தும் இந்த மாதம் வந்த கேள்விகள் பல, ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: டிவியோ, அதில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ இன்டர்நெட்டைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. எழுதியவர்களில் சிலர் முதல் வேலையாக ரீசெட் பட்டனை அழுத்திவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். ரீசெட் கடைசி மருந்து. போட்டால் பாஸ்வேர்டு, ஆப், லாகின் எல்லாம் போய்விடும். பழைய கோளாறு அப்படியே இருக்க, புதிதாக நாலு வேலை சேரும். ஃபைபர் வயர், வீட்டுக்குள் இருக்கும் பெட்டி, ரவுட்டர், வைஃபை, டிவி, ஆப் என்ற வரிசையில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி.

வாசகி, குடியாத்தம்: எங்கள் ஆண்ட்ராய்டு டிவியில் வைஃபை கனெக்ட் ஆகிறது, ஆனால் 'நோ இன்டர்நெட்' என்று வருகிறது. என் செல்போனில் அதே வைஃபையில் யூடியூப் நன்றாக ஓடுகிறது. கரன்ட் போய் வந்ததிலிருந்துதான் இப்படி. ஃபேக்டரி ரீசெட் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே யூடியூபை ஓட்டிப் பாருங்கள். வைஃபையில் நெட் இல்லையென்றால் இன்றைய போன்கள் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். நாமோ வைஃபை நன்றாக இருப்பதாக நம்பி டிவியைத் திட்டிக்கொண்டிருப்போம். டேட்டாவை அணைத்ததும் போனிலும் நின்றுவிட்டால் கோளாறு டிவியில் இல்லை. ரவுட்டரிலோ வெளியிலிருந்து வரும் லைனிலோ இருக்கிறது.

போனில் ஓடினால் அடுத்துப் பார்க்க வேண்டியது டிவியின் தேதியும் நேரமும். கரன்ட் போய் வந்ததிலிருந்து என்று நீங்கள் எழுதியிருப்பதால் எங்கள் முதல் சந்தேகமே இதுதான். பல டிவிகளில் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. கரன்ட் வந்ததும் நெட்டிலிருந்துதான் நேரத்தை வாங்கிக்கொள்ளும். டிவி சீக்கிரம் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் முழுசாக எழ இரண்டு மூன்று நிமிடமாகும். அந்த இடைவெளியில் டிவி நேரத்தைக் கேட்டுக் கிடைக்காமல், 1970 என்றோ தன்னைத் தயாரித்த ஆண்டு என்றோ ஒரு தேதியை வைத்துக்கொண்டு நின்றுவிடும். யூடியூப் மாதிரியான சர்வர்கள் தங்கள் அடையாளத்துக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டும். அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். டிவியின் தேதி பழையதாக இருந்தால், சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லை என்று எண்ணி இணைப்பை மறுத்துவிடும். நெட் இருக்கிறதா என்று ஆண்ட்ராய்டு சோதிப்பதிலும் இதே சான்றிதழ் வேலை உண்டு. அதனால்தான் வைஃபை பிடித்த பிறகும் 'நோ இன்டர்நெட்' என்கிறது.

செட்டிங்ஸில் 'சிஸ்டம்' அல்லது 'டிவைஸ் பிரிஃபரன்சஸ்' போய் 'டேட் அண்ட் டைம்' திறங்கள். ஆட்டோமேட்டிக் என்பதை அணைத்து, இன்றைய தேதி, நேரம், இந்திய டைம் ஜோன் மூன்றையும் கையால் போடுங்கள். நெட் வந்ததும் மறுபடி ஆட்டோமேட்டிக் ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பவர்கட்டில் திரும்ப இதே கதைதான்.

அதிலும் சரியாகவில்லையா? ரவுட்டர் எழுந்து நிலைத்த பிறகு, டிவியின் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள். ரிமோட்டில் அணைப்பது கணக்கில் வராது. டிவி தூங்குமே தவிர அணையாது. பிறகு நெட்வொர்க் பக்கத்தில் உங்கள் வைஃபை பெயரைத் திறந்து ஐபி முகவரியைப் படியுங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் டிவிக்கு முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். 'ஃபர்கெட் நெட்வொர்க்' கொடுத்து, ரவுட்டரை அணைத்துப் போட்டு, பாஸ்வேர்டை மறுபடி அடியுங்கள். 192.168 என்று தொடங்கினால் முகவரி கிடைத்துவிட்டது. இணையதளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரில் சிக்கல் இருக்கலாம். ஐபி செட்டிங்ஸை 'ஸ்டாட்டிக்' ஆக்கி, ஐபி 192.168.1.150, கேட்வே 192.168.1.1, பிரிஃபிக்ஸ் லெங்த் 24, டிஎன்எஸ் 8.8.8.8, அடுத்தது 1.1.1.1 என்று போடுங்கள். முதல் மூன்று எண்கள் உங்கள் போனுக்கு வந்திருக்கும் முகவரியோடு பொருந்த வேண்டும். போனில் 192.168.0 என்று இருந்தால் இங்கும் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

ரீசெட்டுக்கு நாங்கள் இவ்வளவு தடை போடுவதற்கு ஒரு சம்பவமும் காரணம். 2025 மார்ச் 9 அன்று, 2015-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் (டிவியில் செருகும் கூகுளின் ஸ்ட்ரீமிங் கருவி) கருவிகள் உலகம் முழுக்க ஒரே நாளில் நின்றன. காரணம், அவற்றுக்குள் இருந்த சான்றிதழ் ஒன்றின் பத்தாண்டு ஆயுள் முடிந்தது. ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே அறிவித்தது. பொறுத்திருந்தவர்களுக்குச் சில நாளில் அப்டேட் தானாக வந்து சரியானது. அவசரப்பட்டு ரீசெட் போட்டவர்கள்தான் மறுபடி செட்டப் செய்ய முடியாமல் கூடுதலாகச் சிரமப்பட்டார்கள்.

வாசகர், சத்துவாச்சாரி: மாடியில் ஷீட் போட்ட அறையில் ரவுட்டர், டிவி இரண்டும் இருக்கின்றன. மதியம் ஒரு மணிக்கு மேல் டிவியில் நெட் அறுந்து அறுந்து வருகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒன்றும் செய்யாமலே சரியாகிவிடுகிறது. கம்பெனியில் கேட்டால் லைன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: லைன் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் கடிதத்தில் உள்ள மணிக்கணக்கே வெயிலைக் கைகாட்டுகிறது. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றின் விவரத்தாளில் 0 முதல் 40 டிகிரி வரை இயங்கும் என்றுதான் போட்டிருப்பார்கள். வேலூரில் மே மாதம் நிழலிலேயே 40-ஐத் தாண்டுகிறது; ஷீட்டுக்குக் கீழே அதற்கும் மேல். சூடு ஏறினால் உள்ளே இருக்கும் சிப் தடுமாறி வைஃபையை விட்டுவிட்டுத் தரும், அல்லது ரவுட்டர் தானே அணைந்து எழும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள எளிய வழி உண்டு. நெட் அறுந்த சமயத்தில் ரவுட்டரின் மேல் டேபிள் ஃபேனை அரை மணி நேரம் திருப்பி விடுங்கள். அறுபடுவது நின்றால் சூடுதான் காரணம். அடாப்டரையும் தொட்டுப் பாருங்கள். 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் பழைய அடாப்டர் சூட்டில் அவ்வளவு தராது. ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரில் 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அடாப்டரை மாற்றிவிடலாம். வாங்கும்போது பழைய அடாப்டரில் அச்சிட்ட வோல்ட் அதேதானா, ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கிறதா, பின்னின் பருமன் பொருந்துகிறதா என்று பாருங்கள். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் புகைந்துபோகலாம்.

நிரந்தரத் தீர்வு ரவுட்டரைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி, டிவிக்கு லேன் வயர் இழுப்பது. முடியாவிட்டால் கூரையிலிருந்து எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக, வெயில் படாத சுவரில், நாலு பக்கமும் ஒரு சாண் இடைவெளியோடு மாட்டுங்கள். செட்டாப் பாக்ஸ் மேல், டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள், மினி யுபிஎஸ் மேல் வைக்கவே கூடாது. யுபிஎஸ்ஸின் லித்தியம் பேட்டரி தன் பங்குக்குச் சூடாகும்.

ராத்திரி எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியுள்ள மற்ற வாசகர்களுக்கு: அது வெயில் இல்லை, தெருவே ஒரே லைனில் உட்கார்ந்திருக்கும் நெரிசல். லேப்டாப்பை லேன் வயரில் கோத்து அந்த நேரத்தில் ஸ்பீட் டெஸ்ட் எடுத்து, அதைக் காட்டிக் கேளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15 எம்பிபிஎஸ் போதும்.

வாசகர், ஆற்காடு: அமெரிக்காவில் இருக்கும் மகன் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் கொண்டுவந்து கொடுத்தான். பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதில் தெரிகிறது, எங்கள் வீட்டு வைஃபை மட்டும் தெரியவில்லை. போனில் தெரிகிறது.

பதில்: ஸ்டிக்கில் பழுது ஒன்றுமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் விற்கும் கருவிகள் பொதுவாக 1 முதல் 11 வரை மட்டும்தான் தேடும். உங்கள் ரவுட்டர் சேனலை ஆட்டோவில் வைத்திருந்து 12-ஐயோ 13-ஐயோ பிடித்துக்கொண்டால் அந்த ஸ்டிக்கின் கண்ணுக்கு அது படவே படாது. இங்கே வாங்கிய போனுக்குத் தெரியும்.

போன் பிரவுசரில் 192.168.1.1 அடித்து ரவுட்டருக்குள் போங்கள். முகவரியும் லாகினும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். வயர்லெஸ் பக்கத்தில் 2.4 சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் சேனல் 36 முதல் 48-க்குள் வைப்பது எல்லாக் கருவிகளுக்கும் ஒத்துவரும். அதே பக்கத்தில் செக்யூரிட்டி 'டபிள்யூபிஏ3' மட்டும் என்று இருந்தால் 'டபிள்யூபிஏ2 – ஏஇஎஸ்' ஆக்குங்கள். பழைய டிவிகள் சரியான பாஸ்வேர்டையே தவறு என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று. ஸ்டிக்கை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து கரன்ட் எடுக்க வைக்காதீர்கள். சாதாரண யுஎஸ்பி 2 துளை அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு 5 வோல்ட்டில் 1 ஆம்பியராவது வேண்டும். மெனு நன்றாக வரும், வீடியோ ஓடத் தொடங்கி வைஃபை முழு வேகத்தில் வேலை செய்யும்போது விழுந்துவிடும். சுவர் அடாப்டரே சரி. பெட்டியோடு சின்ன எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் வந்திருந்தால் அதைப் போட்டு ஸ்டிக்கை டிவியின் முதுகிலிருந்து வெளியே இழுத்துவிடுங்கள். டிவியின் உலோகத் தகடு சிக்னலை மறைக்கிறது.

வாசகர், வாலாஜாபேட்டை: மொட்டை மாடியில் டிஷ் இருக்கிறது, சேனல் எல்லாம் தெளிவாக வருகிறது. அதே பெட்டியில் யூடியூப் மட்டும் ஏன் வரவில்லை?

பதில்: டிஷ்ஷில் வருவது ஒருவழிப் பாதை; செயற்கைக்கோள் அனுப்பும், பெட்டி வாங்கும். யூடியூபுக்கு நீங்கள் கேட்டது அந்தப் பக்கம் போயாக வேண்டும், அதற்கு வைஃபையோ லேன் வயரோ தனியாகக் கொடுக்க வேண்டும்.

வாசகி, போளூர்: அம்மாவின் சிகிச்சைக்காக வேலூர் சிஎம்சி பக்கத்தில் காந்தி ரோடு லாட்ஜ் ஒன்றில் தங்கியிருக்கிறோம். அம்மாவுக்குப் பொழுது போக வீட்டிலிருந்து ஸ்டிக்கை எடுத்து வந்தேன். லாட்ஜ் வைஃபையில் கனெக்ட் ஆகிறது, நெட் வரவில்லை. போனில் ஓடும் வீடியோவை டிவிக்கு அனுப்பி (காஸ்ட்) பார்க்கவும் முடியவில்லை.

பதில்: லாட்ஜ் வைஃபையில் சேர்ந்ததும் போனில் ஒரு பக்கம் திறந்து அறை எண்ணோ ஓடிபியோ கேட்டிருக்குமே, அந்தப் பூட்டுதான் ஸ்டிக்கைத் தடுக்கிறது. ஃபயர் டிவி ஸ்டிக்காக இருந்தால் அந்த லாகின் பக்கம் டிவியிலேயே திறக்கும், ரிமோட்டால் நிரப்பிவிடலாம். மற்றவற்றுக்கு வரவேற்பில் கேட்டுப் பாருங்கள். ஸ்டிக்கின் செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் மேக் முகவரி என்று பன்னிரண்டு எழுத்து எண் இருக்கும். அதைக் கொடுத்தால் சில இடங்களில் நேரடியாக அனுமதித்துவிடுவார்கள். காஸ்ட் ஆகாததற்குக் காரணம் வேறு: ஓர் அறையின் கருவி அடுத்த அறைக்குத் தெரியக் கூடாது என்று ஒன்றையொன்று பார்க்காதபடி பிரித்து வைத்திருப்பார்கள். அது உங்கள் பாதுகாப்புக்கும் நல்லதுதான்.

நிச்சயமான வழி போன் ஹாட்ஸ்பாட். ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் பேண்டை 2.4-க்கு மாற்றுங்கள், ஐபோனில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை இயக்குங்கள். இல்லாவிட்டால் பழைய ஸ்டிக்குக்கு ஹாட்ஸ்பாட் தெரியாது. டேட்டா கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸில் எச்டி ஒரு மணிக்கு 3 ஜிபி வரை, சாதாரணத் தரம் 1 ஜிபி வரை இழுக்கும். தினம் 2 ஜிபி பேக்கில் எச்டி என்றால் நாற்பது நிமிடம், தரத்தைக் குறைத்தால் இரண்டு மணி நேரம். சில ஆண்ட்ராய்டு போன்கள் தாம் வாங்கும் வைஃபையையே ஹாட்ஸ்பாட்டாகத் திருப்பித் தரும். உங்கள் போனில் 'வைஃபை ஷேரிங்' இருந்தால் லாட்ஜ் வைஃபையில் போனை லாகின் செய்து அதை ஸ்டிக்குக்குக் கொடுத்துவிடலாம், டேட்டாவும் மிச்சம்.

லாட்ஜ் டிவியிலேயே உங்கள் யூடியூப் கணக்கைத் திறந்திருந்தால் அறையைக் காலி செய்யும் முன் மறக்காமல் சைன் அவுட் செய்யுங்கள். அம்மா சீக்கிரம் குணமாகி ஊர் திரும்பட்டும்.

வாசகர், ஆரணி: கீழ் வீட்டில் ஃபைபர் பெட்டி. மாடிக்கு லேன் வயர் இழுத்து எங்களிடமிருந்த பழைய ரவுட்டரைப் போட்டோம். மாடி டிவியில் வைஃபை முழுக் கோடு காட்டுகிறது, நெட் மட்டும் இல்லை.

பதில்: இரண்டு பெட்டியும் ஒரே முகவரியை வைத்திருப்பதுதான் காரணமாக இருக்கும். கீழே 192.168.1.1, மேலேயும் 192.168.1.1. மாடி டிவி நெட்டுக்கு அந்த முகவரியைத் தேடிப் போகும், மாடி ரவுட்டரே 'நான்தான்' என்று பிடித்துக்கொள்ளும். கேள்வி கீழே இறங்கவே இறங்காது. மோதலைக் கண்டு தானே முகவரியை மாற்றிக்கொள்ளும் ரவுட்டர்கள் உண்டு. பழையவற்றில் அதை எதிர்பார்க்க முடியாது.

மாடி ரவுட்டரின் மெனுவில் 'அக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான். இல்லாவிட்டால் கையால் செய்யலாம். வரிசை மாறக் கூடாது. கீழிருந்து வரும் வயரை முதலில் பிடுங்குங்கள். லேப்டாப்பை மாடி ரவுட்டரில் கோத்து உள்ளே போய் லேன் ஐபியை 192.168.1.2 ஆக்குங்கள். ரவுட்டர் எழுந்ததும் அந்தப் புது முகவரியில் மறுபடி நுழைந்து டிஎச்சிபி சர்வரை அணையுங்கள். முகவரி கொடுக்கும் வேலை ஒரு பெட்டிக்குத்தான் இருக்க வேண்டும், அது கீழ் வீட்டுப் பெட்டிக்கு. கடைசியில் கீழிருந்து வரும் வயரை நிறம் வேறாக இருக்கும் 'வேன்' (WAN) என்ற துளையில் செருகாமல், லேன் துளை ஒன்றில் செருகுங்கள். கீழ்ப் பெட்டியின் முகவரி 192.168.100.1 என்று இருந்தால் மேலே 192.168.100.2. இப்படிச் செய்தால் கீழ் வீட்டுப் போனிலிருந்து மாடி டிவிக்குக் காஸ்ட்டும் செய்யலாம்.

வயரையும் சந்தேகப்படுங்கள். விலை குறைந்த லேன் வயர்கள் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை; பின்னை அழுத்திக் கோத்த இடத்தில் முறியும். முழுச் செம்பு கேட் 5இ அல்லது கேட் 6 வாங்குங்கள், நீளம் 100 மீட்டருக்குள். முனை கோர்க்கும்போது இரண்டு பக்கமும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. வயர் திறந்த மாடி வழியாகப் போனால் இடி மழையில் இரண்டு முனையையும் பிடுங்கி வையுங்கள். பக்கத்தில் இடி விழுந்தாலே அதன் தூண்டலில் லேன் துளைகள் எரிந்துபோகும்.

வாசகர், ஆம்பூர்: 2012-இல் வாங்கிய ஸ்மார்ட் டிவி. நெட்வொர்க் டெஸ்ட் எல்லாம் பாஸ். யூடியூப் மட்டும் திறக்கவில்லை.

பதில்: டிவியும் நெட்டும் நலம், ஆப்பின் காலம் முடிந்துவிட்டது. 2012 வரை தயாரான பல டிவிகளில் இருந்த பழைய யூடியூப் ஆப்பை கூகுள் 2015 ஏப்ரலில் நிறுத்தத் தொடங்கியது. பல இணையதளங்கள் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, அப்டேட் வராத பழைய கருவிகளில் இன்னும் பல சேவைகள் நின்றன. டிவியை மாற்ற வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்டிக் போட்டால் போதும். பேனல் நன்றாக இருக்கிறவரை அதைத் தூக்கிப்போடுவதற்கு நியாயமே இல்லை.

வாசகர், ஒடுகத்தூர்: பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. டிவி, போன் எதிலும் நெட் இல்லை. பின்னால் இருக்கும் சின்னத் துவாரத்தில் குண்டூசி விட்டு அழுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்தத் துவாரத்தை அழுத்தினால் இணைப்புக்கான யூசர்நேம், பாஸ்வேர்டு அழிந்து, கேபிள்காரர் வந்து போட்டால்தான் உயிர் வரும். 'எல்ஓஎஸ்' (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஃபைபரில் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். வீட்டுக்குள் எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை. மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை வயர் கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, ஆணியில் மடங்கித் தொங்குகிறதா, எலி கடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பச்சை முனை முழுசாக உள்ளே அமர்ந்திருக்க வேண்டும். அதைக் கழற்றிச் சட்டையில் துடைக்காதீர்கள், கண்ணெதிரே பிடித்து உள்ளே பார்க்காதீர்கள். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆபத்து. கேபிள்காரர் ஃபைபரில் வரும் ஒளியின் பலத்தைப் பவர் மீட்டரில் அளக்கும்போது எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் இடையில் இருந்தால்தான் பெட்டி வேலை செய்யும். மைனஸ் 26, 27 என்று ஓரத்தில் நின்றால் இன்று வேலை செய்தாலும் அடுத்த மழையில் போய்விடும். ஜாயின்ட்டை மறுபடி போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வாசகர், ராணிப்பேட்டை: படம் பார்க்க ஹார்ட் டிஸ்க்கை ஆண்ட்ராய்டு பாக்ஸில் செருகினால் வைஃபை போய்விடுகிறது. பிடுங்கினால் வந்துவிடுகிறது.

பதில்: யுஎஸ்பி 3 வயரும் டிஸ்க்கும் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. பாக்ஸை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். அது இல்லாத பாக்ஸ் என்றால் டிஸ்க்கை நீலத் துளையிலிருந்து எடுத்துக் கறுப்பு யுஎஸ்பி 2 துளையில் செருகுங்கள். படம் ஓட அந்த வேகம் தாராளம்.